குளத்தங்கரையில் ஓடுவோம்

நீண்ட தூர ஓட்டம் என்றாலே நம் பள்ளித் தோழியர் பலரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம் மைதானத்தின் ஒரு சுற்று 200 மீட்டர். 3000 மீட்டர் ஓட வேண்டுமானால் 15 சுற்று! அதே கொடிமரம், அதே வேப்பமரம், அதே தண்ணீர்க் குழாய். எட்டாவது சுற்றில் கால் சலிப்பதற்கு முன்பே கண் சலித்துவிடுகிறது. நீண்ட தூர ஓட்டத்தை மைதானத்துக்குள் அடைத்து வைக்கலாகாது, அதைக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது டிசம்பர் மழையில் மைதானத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது. வேறு வழியின்றி விளையாட்டுப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் எங்கள் ஐவரையும் ஊருக்கு வெளியே உள்ள குளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். போக 3 கிலோமீட்டர், வர 3 கிலோமீட்டர். சிஸ்டர் விதித்த சட்டம் ஒன்றே ஒன்று: ஓடும்போது பேசக் கூடாது. மூச்சு வீணாகக் கூடாது என்று விதித்த சட்டம் அது. ஆனால் வாய் மூடியதும் காது திறந்துகொண்டது.

நெல்லைச் சீமையின் குளங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும். அதன்பின் பறவைகள் வந்து சேரும். முதல் நாள் எங்களுக்கு எல்லாமே கொக்குதான். நூலகத்திலிருந்து பறவைப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்த பிறகே பெயர்கள் பிடிபட்டன. அலகைப் பாதி திறந்து தண்ணீரில் துழாவிக்கொண்டே நடப்பது சங்குவளை நாரை. மதகுச் சுவரில் இறக்கையை விரித்துத் துணி காயப்போடுவது போல நிற்பது நீர்க்காகம். கோரைத் தண்டைக் காலால் பிடித்துத் தின்பது நீலத் தாழைக்கோழி. (அதன் சிவந்த அலகைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்குச் சட்டம் உடைந்தது.)

பஸ்ஸில் போனால் இவையெல்லாம் தெரியாதா என்று கேட்கலாம். பஸ் நிற்காது, சத்தமும் அதிகம். நடந்து போகலாமே என்றால், காலை மணியடிப்பதற்குள் மதகு வரைதான் போக முடியும். ஓடுகிறவளுக்கோ வயல், பனங்காடு, குளம், மறுகால் ஓடை நான்கும் ஒரே காலையில் கிடைக்கின்றன. நாள்தோறும் அதே நேரத்தில் அதே வழியில் ஓடுவதால், நேற்று இருந்த பறவை இன்று இல்லையென்றால் உடனே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. வரித்தலை வாத்து மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி நம் மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருகிறது. ஐந்தாவது கிலோமீட்டரில் விலா பிடிக்கும்போது அதை நினைத்தால் வலி போய்விடும் என்று பொய் சொல்ல மாட்டோம். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பறவை வந்த தூரத்தின் பொருள், நாற்காலியில் உட்கார்ந்து பூகோளம் படித்தபோது எங்களுக்கு விளங்கவில்லை.

பெண்பிள்ளைகள் ஊருக்கு வெளியே ஓடுவதா என்று வீடுகளில் கேட்டார்கள். இந்தக் கேள்வி பழையது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண்ணுடல் அதைத் தாங்காது என்று சொல்லி அப்போட்டியை நீக்கினார்கள். அது திரும்பி வர 1960 ஆயிற்று. பெண்களுக்கான மாரத்தான் 1984-இல்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. எங்கள் பெற்றோரின் அச்சம் உடலைப் பற்றியது அல்ல, பாதையைப் பற்றியது என்பதை அறிவோம். அதனால்தான் தனியே ஓடுவதில்லை. சிஸ்டரும் சைக்கிளில் வருவார்கள்.

எங்களிடமும் தவறு உண்டு. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். மார்ச் மாதம் குளம் வற்றத் தொடங்கியதும் குறுக்கு வழியாக உள்வாயில் இறங்கி ஓடினோம். ஆள்காட்டி ஒன்று தலைக்கு மேலே கத்திக் கத்திப் பாய்ந்தது. வேடிக்கை என்று நினைத்து, மறுநாளும் அதே வழியில் ஓடினோம். மூன்றாம் நாள் எங்களில் ஒருத்தி சட்டென்று நின்றாள். அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி, மண்கட்டி நிறத்தில் நான்கு முட்டைகள். கூடு என்று எதுவும் இல்லை, வெறுந்தரைதான். இரண்டு நாளும் எங்கள் காலடி அவற்றின் மேல் விழாதது எங்கள் சாமர்த்தியத்தால் அன்று.

அன்றுமுதல் கரையை விட்டு இறங்குவதில்லை. சுற்றிப் போவதால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கூடுதல். பறவையைப் பார்க்கப் போகிறவர்களே அதை விரட்டுவதா? கூந்தன்குளத்து மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்களே! அது 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அரசு அறிவிக்கும் முன்பே பறவைகளை அங்கே காத்து வந்தவர்கள் அந்த ஊரார்தான். அவர்கள் விட்டுக்கொடுத்ததோடு ஒப்பிட்டால் ஒரு கிலோமீட்டர் பெரிதா?

மாவட்டப் போட்டியில் எங்களில் ஒருத்திக்கு நான்காவது இடம்தான் கிடைத்தது. பதக்கம் இல்லாததால் குளத்தங்கரைப் பயிற்சி வீண் என்று சில தோழியர் சொல்கிறார்கள். பதக்கம் கிடைத்திருந்தால் நாங்களும் மகிழ்ந்திருப்போம். இருந்தாலும் மைதானத்தில் 15 சுற்று ஓடிய நாட்களில், நாளை எப்போது விடியும் என்று நாங்கள் காத்திருந்ததில்லை.

அடுத்த டிசம்பரில் நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் பெற்றோரின் அனுமதிக் கடிதத்தோடு வீட்டுக்கு வருவார்கள். தயவுசெய்து கையெழுத்திடுங்கள். மகளைத் தொடர்ந்து ஸ்கூட்டரில் வர விரும்பும் அப்பாக்கள் தாராளமாக வரலாம். ஆனால் மதகுக்கு இப்பாலேயே நின்றுகொள்ளுங்கள். ஹாரன் மட்டும் அடிக்க வேண்டாம்.