எத்தனை சிவப்பு, எத்தனை வெள்ளை?

“பையன் பைலட் ஆகணும்கிறான், என்ன செலவாகும்?” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, “கலர் டெஸ்ட் எடுத்தாச்சா?” என்றுதான். சிவப்பு-பச்சைக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால் ஆண்களிடம் அதிகம். பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. லட்சக்கணக்கில் பணம் கட்டிய பிறகு தெரியவந்து என்ன பயன்? புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்துவைத்து, ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட அட்டைகள்தான் இன்னமும் பல இடங்களில் முதல் வாசல்.

குறைபாடுள்ளவர்களைத் தடுக்கும் விதியில் நியாயம் இல்லாமலில்லை. ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் இறங்கும் கோணம் சரி. நான்கும் சிவப்பென்றால் விமானம் மிகத் தாழ்வாக வருகிறது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் டலஹாசியில், விடியுமுன் இறங்க வந்த ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பே மரங்களில் மோதி விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் படுகாயத்தோடு தப்பினார்கள். ஓட்டிய துணை விமானிக்கு நிறக் குறைபாடு இருந்தது. விதிவிலக்கு பெற்றுப் பறந்தவர் அவர்.

கண்டிப்பு வேண்டும் என்பவர்கள் இந்த விபத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் விசாரணை அறிக்கை அதோடு நிற்கவில்லை. விமானிகளின் களைப்பையும், கேப்டனும் விமானப் பொறியாளரும் கண்காணிக்கத் தவறியதையும் சேர்த்தே சொன்னது. ஆஸ்திரேலியா அதற்கு முன்பே வேறு வழியில் போயிருந்தது. நிறக் குறைபாடுள்ள விமானி டெனிசன் தொடுத்த வழக்கில் 1989-இல் தீர்ப்பாயம் அவருக்குச் சாதகமாகச் சொன்ன முடிவுக்குப் பின், நிறக் குறைபாடுள்ள பலர் அங்கே வணிக விமானம் ஓட்டினார்கள்.

என் ஓட்டு லண்டன் சிட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு. மினுமினுக்கும் பின்னணியில் நகரும் நிறத்திட்டு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லவைத்து, குறை எவ்வளவு என்று அவர்களின் சோதனை அளக்கிறது. அந்த நான்கு விளக்குகளைப் பிரித்தறிய எவ்வளவு நிறப்பார்வை தேவை என்று பார்த்தே தேர்ச்சி எல்லையை வகுத்தார்கள். குறைபாடுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தேறுவார் என்று கண்டார்கள். அமெரிக்காவும் 2025 முதல் புதிதாக விண்ணப்பிப்போருக்குக் கணினிச் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது.

அட்டையைக் காட்டி ஆளைத் திருப்பி அனுப்புவது எளிது. விதிவிலக்குக் கடிதம் கொடுப்பதும் எளிது. இரண்டிலுமே அளவு கிடையாது. ஒழுங்காக அளந்திருந்தால் டலஹாசித் துணை விமானிக்கு அந்த அனுமதி கிடைத்திருக்காது. ஒழுங்காக அளந்தால், இன்று வாசலோடு திரும்பும் மூவரில் ஒருவர் உள்ளே போவார்.