நாற்பத்தைந்து நாளும் இரண்டு நாளும்

அண்ணாமலையார் கோயிலின் நெடிய மதிலை ஒட்டி நடந்து செல்லும் தோழர்களே, அந்தக் கருங்கல்லுக்கு வாய் இருந்தால் எதைப் பேசும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பாசுரத்தையும் பண்ணையும் மட்டுமா பேசும்? பீரங்கியையும் பேசும்! 1767 செப்டம்பர்த் திங்களில் முதலில் செங்கத்திலே ஒரு போர். மாத முடிவில் திருவண்ணாமலையிலே மற்றொரு போர். ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் ஒரு பக்கம், கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படை மறுபக்கம். ஆண்டவன் இருக்கும் இடத்தை அரணாக்கிக்கொள்ள அந்நாளில் எந்தப் படையும் தயங்கியதில்லை.

அந்த வெடிகள் ஊரறிய வெடித்தவை. நான் இன்று எழுத வந்தது, ஊரறியாமல் கைமாறும் வெடியைப் பற்றி.

திருவண்ணாமலை ஒரு சந்திப்பு ஊர். கிழக்கே செஞ்சி, திண்டிவனம் என்று போனால் புதுவை. மேற்கே கிருஷ்ணகிரியைக் கடந்தால் ஓசூர், அப்பால் கன்னட நாடு. வடக்கே வேலூரைத் தாண்டினால் சித்தூர். சில மணி நேரப் பயணத்தில் மூன்று எல்லைகள்! பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்கு அந்த மூன்று எல்லைகளையும் கடந்து மக்கள் வெள்ளமாக வருகிறார்கள். அப்படி வந்த ஒருவர், மலையைச் சுற்றிய களைப்பு நீங்க, தெரிந்தவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் முதியவர். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர் ஒன்று அவரிடம் இருக்கிறது. முறையான உரிமமும் இருக்கிறது. ஒரு காலத்தில் வியாபாரப் பணத்தோடு ஊர் ஊராய்ப் போனபோது வாங்கியது. இப்போது பீரோவுக்குள் உறங்குகிறது.

"எனக்குக் கொடுத்துவிடுங்களேன், ஐயா! பெங்களூரில் எனக்கு அது பயன்படும். கேட்ட விலை, கையோடு ரொக்கம்."

"எழுத்து, கிழுத்து...?"

"நமக்குள் என்ன ஐயா எழுத்து? நாம் என்ன அந்நியரா?"

இனிக்கிறது அல்லவா பேச்சு? ஆனால், அந்த முதியவர் 'சரி' என்று தலையாட்டிய மறுகணம் அவர் எங்கே போய் நிற்கிறார், தெரியுமா? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை மீறியவராக நிற்கிறார். 2019இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முறை தவறித் துப்பாக்கி விற்பவருக்குத் தண்டனை ஏழாண்டுக்குக் குறையாது. ஆயுள் முழுவதும் என்று நீளவும் கூடும். எழுபது வயதில் ஏழாண்டு!

தனி மனிதர் தம் துப்பாக்கியை விற்கவே கூடாது என்கிறதா சட்டம்? இல்லை. சொந்த உபயோகத்துக்காக முறைப்படி வைத்திருப்பதை, வியாபாரிக்குரிய உரிமம் இல்லாமலே விற்கலாம் என்று ஐந்தாம் பிரிவு வழிவிடுகிறது. ஆனால், வாங்குபவர் அதை வைத்திருக்கச் சட்டப்படி உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். விற்கப் போகும் செய்தியையும், வாங்கப் போகிறவரின் பெயர், முகவரியையும் மாவட்ட ஆட்சித் தலைவருக்கோ பக்கத்துக் காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பின் 45 நாளாவது கழிய வேண்டும். அதற்கு முன் பொருள் கைமாறக் கூடாது.

வந்தவர் இருபத்தொரு வயது நிரம்பாதவரா, வன்செயலுக்காகத் தண்டனை பெற்று வெளியே வந்தவரா, மனநிலை பிறழ்ந்தவரா, இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து நெற்றியைப் பார்த்து அறிய முடியுமா? அறிய முடியாது என்பதற்காகத்தான் அந்த 45 நாள். 'எனக்குத் தெரியாது, நல்லவர் போலத் தோன்றினார்' என்ற சமாதானமும் செல்லாது. பெறுபவருக்கு உரிமை உண்டா என்று முன்கூட்டி அறிந்துகொள்ளாமல் ஆயுதத்தை ஒப்படைப்பதையே தனிக் குற்றமாக எழுதிவைத்திருக்கிறது அதே சட்டம்.

எல்லை கடந்த விற்பனையில் இன்னொரு முடிச்சு. உரிமம் எந்த நிலப்பரப்புக்குச் செல்லும் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், ஓசூர் சுங்கச் சாவடியைத் தாண்டியதும் அது வெறுங்காகிதம்; இடுப்பிலே இருப்பது உரிமமற்ற துப்பாக்கி. கருநாடகத்துக்கு மட்டும் உரிமம் பெற்ற நண்பர், திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் அதைப் பையில் வைத்துக்கொண்டு நின்றாலும் அதே கதிதான். ஆகவே விற்பவரின் மாவட்டம், வாங்குபவரின் மாவட்டம், இரு பக்கத்து அதிகாரிகளின் எழுத்தும் பதிவும் இல்லாமல் பொருள் நகரக் கூடாது. தகப்பனார் இறந்துபோய், உரிமம் இல்லாத மகன் கையில் துப்பாக்கி வந்திருந்தால் விற்பனைப் பேச்சே கூடாது. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகுதான் மற்றது.

"வெள்ளைக்காரன் சட்டத்தை நீயும் தூக்கிப் பிடிக்கிறாயே!" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1878இல் லிட்டன் பிரபு இரண்டு சட்டங்கள் செய்தான். தாய்மொழி ஏடுகளின் வாயைக் கட்ட ஒன்று. மக்களின் கையைக் கட்ட ஒன்று. ஏடுகளைக் கட்டியது சில ஆண்டுகளில் மடிந்தது. ஆயுதச் சட்டமோ 1962 வரை உயிரோடிருந்தது! வெள்ளையனுக்கு விலக்கு, நமக்கு விலங்கு. அதுதான் அதன் சாரம். அந்த வாடை இன்றும் முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சவ்வாது மலையில் பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் ஏழையின் குடிசைதான் முதலில் சோதனைக்கு உள்ளாகிறது; மாளிகைக்காரரின் பளபளக்கும் ரிவால்வர் அந்தஸ்தின் அடையாளமாகிறது. பயிர்க் காவலுக்கான வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் பெறச் சட்டத்திலே தனி வழி உண்டு என்பதை அந்த மலைமக்களுக்குச் சொல்லவேண்டியவர்களும் நாம்தான்.

ஆனால், எழுத்தில்லாமல் எல்லை தாண்டிய கைத்துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு இந்த நாட்டிலே ஒரு சாட்சி இருக்கிறதே, அதை எப்படி மறப்பது?

1948 சனவரி 20ஆம் நாள் காந்தியாரைக் கொல்லச் செய்த முயற்சி தோற்றது. நம்பத்தக்க கைத்துப்பாக்கி தேவைப்பட்டது கொலைகாரர்களுக்கு. கோட்சேயும் ஆப்தேயும் டில்லியிலிருந்து குவாலியருக்கு இரயிலேறினார்கள். குவாலியர் அப்போது சமஸ்தானம். இந்தியாவோடு சேர்ந்து ஐந்தே மாதம். அங்கே 28ஆம் நாள், இத்தாலி நாட்டு பெரெட்டா, ஒன்பது மில்லிமீட்டர், எண் 606824, கைக்கு வந்தது. உரிமம் இல்லை, அறிவிப்பு இல்லை, 'யாருக்கு, எதற்கு' என்ற கேள்வி இல்லை. இரவு வண்டியில் எல்லை தாண்டி டில்லி வந்தது. 30ஆம் நாள் மாலை, பிர்லா மாளிகைத் தோட்டத்தில், மூன்று குண்டுகள்.

இரண்டே நாள், தோழர்களே!

செங்கோட்டையிலே நடந்த வழக்கைப் பாருங்கள். சுட்டவன் யார் என்பதில் ஐயமே இல்லை. ஆனால், துப்பாக்கி வந்த பாதை? குவாலியரைச் சேர்ந்த மூவர் தலைமறைவானவர்கள் என்றே குற்றப் பட்டியலில் நின்றார்கள். துப்பாக்கிக்கு வழி செய்தார் என்று ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட டாக்டர் பர்ச்சுரே, மேல் முறையீட்டில் விடுதலை பெற்றார். உலகமே உற்றுப் பார்த்த வழக்கில், ஒரு கைத்துப்பாக்கி யார் யார் கை கடந்தது என்பதை ஐயமற நிறுவ முடியவில்லை. எழுத்தில்லாத விற்பனைக்கு வேறென்ன விளக்கம் வேண்டும்?

அமெரிக்காவும் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1963இல் ஆசுவால்டு என்பவன், பொய்ப் பெயரில், லாஸ் ஏஞ்சலிஸ் கடையிலிருந்து டல்லாசுக்கு அஞ்சல் வழியே ரிவால்வர் வரவழைத்தான். கென்னடி கொலையுண்ட நாளில் ஒரு காவலரை வீழ்த்தியது அந்த ரிவால்வர். பிறகு 1968இல் சட்டம் செய்தார்கள்: ஒரு மாநிலத்துத் தனியார் மற்றொரு மாநிலத்தவருக்குக் கைத்துப்பாக்கியை நேரே விற்கக் கூடாது, உரிமம் பெற்ற வியாபாரியின் வழியேதான் போகவேண்டும். துப்பாக்கியைப் பிறப்புரிமை என்று கொண்டாடும் நாடே எல்லைக்கோட்டில் மட்டும் ஒரு வேலி போட்டது.

மாநில உரிமை என்றால் மார்தட்டும் நாம், இந்த ஆயுதச் சட்டம் மத்தியப் பட்டியலில் இருப்பதை எதிர்க்கவேண்டாமா என்றால், என் கருத்து 'வேண்டாம்' என்பதே. எல்லைக்கு அப்பால் ஒரு சட்டம், இப்பால் ஒரு சட்டம் என்றிருந்ததுதான் குவாலியர் வண்டிக்கு வசதி. நாம் கேட்கவேண்டியது வேறு: 45 நாள் என்று எழுதிவிட்டு, அந்த அறிவிப்புக் கடிதத்தைக் கோப்பிலே புதைத்துவிட்டு, பெரியவர்களை மாதக்கணக்கில் படியேற வைக்கும் அலுவலக மெத்தனம் ஒழியவேண்டும். நேர்வழி நெடுவழியானால், குறுக்குவழிக்காரன் திண்ணையில் வந்து உட்காருவான்.

அந்தத் திண்ணைக்கே திரும்புவோம். விருந்தாளிக்கு மோர் கொடுங்கள். அவருடைய உரிமத்தின் நகலைக் கேளுங்கள். பெயரையும் முகவரியையும் எழுதி வாங்குங்கள். இன்றே அறிவிப்பைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். இந்தப் பௌர்ணமிக்கு வந்தவர் அடுத்த பௌர்ணமிக்கு வந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும். அப்போதும் 45 நாள் ஆகியிராது. அதற்கடுத்த பௌர்ணமிக்கு வரட்டும். எல்லாத் தாளும் சரியாக இருந்தால் பேசலாம்.

வரமாட்டார் என்றால், பீரோவைப் பூட்டுங்கள்.