வெற்றிடமும் வெறுஞ்சொல்லும்

ஒன்றுமில்லாத வெளியில்தான் எல்லாம் இருக்கிறது என்கின்றனர் சிலர். கேட்டோர் வியக்கின்றனர். எப்படி அறிந்தீர் என வினவியோரோ பக்குவமற்றோர் எனப் பட்டம் பெறுகின்றனர்!

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்து, ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் கண்டவர் வேதாத்திரி மகரிஷி. 2006இல் மறைந்த அவர் கற்பித்த உடற்பயிற்சியால் நலம் பெற்றோம் என்பாரோடு நமக்கு வழக்கில்லை. வழக்கு வேறு. சுத்தவெளியே ஆதிநிலை, அது தன்னை இறுக்கிச் சூழ்ந்தழுத்தும் ஆற்றலுடையது, அதனால் விண் எனும் நுண்துகள் தோன்றிச் சுழல்கிறது, அதிலிருந்து எழும் வான்காந்தமே அழுத்தம், ஒலி, ஒளி, சுவை, மணம், மனம் என மாறுகிறது என்றார் அவர். மெய்ப்பொருள் உரையாகச் சொன்னால் கேட்கலாம். இதுவே இயற்பியல் என்று மேடையேறினால், இயற்பியலுக்குரிய தேர்வை எழுதியே தீரவேண்டும். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை என்பதற்காக விடைத்தாளைப் பாராமல் மதிப்பெண் இடுவதுண்டோ?

அந்தத் தேர்வு எத்தகையது? இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்று நூற்றாண்டுகளாக ஓதிவந்தனர். டாரிசெல்லி பாதரசம் நிறைந்த குழாயைக் கவிழ்த்தார், பாதரசம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது, மேலே வெற்றிடம்! 1644இல் அதை எழுதிவைத்தார். பழைய ஓதல் சரிந்தது. பின்னர் வெளியெங்கும் ஈதர் நிறைந்துள்ளதெனப் பேரறிஞர்களே நம்பினர். 1887இல் மைக்கல்சனும் மார்லியும் அளந்து பார்த்தனர்; அதன் சுவடு தென்படவில்லை. தான் போற்றி வளர்த்த கொள்கையையே அறிவியல் கைவிட்டது.

இன்றைய அறிஞரும் வெற்றிடம் வெறுமையன்று என்கிறார்களே, நாங்கள் முன்பே சொன்னோமே என்பர். சொன்னது எது? 1948இல் கசிமிர் என்னும் டச்சு அறிஞர், வெற்றிடத்தில் அருகருகே நிற்கும் இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்றார். எவ்வளவு விசையுடன் என்று கணக்கும் தந்தார். இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கானால், ஒரு சதுர சென்டிமீட்டரில் அவ்விசை, ஒரு கிராமில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கின் எடையளவே! 1997இல் லாமோரோ அதை நுட்பமாக அளந்து கணக்கோடு ஒத்திருக்கக் கண்டார். சூழ்ந்தழுத்தும் ஆற்றல் இப்படித் தந்த எண் எது? எந்தக் கருவி அதை அளந்தது? விடையில்லை.

அறிவியலுக்கு மட்டும் எல்லாம் தெரியுமோ என்பர். தெரியாது! வெற்றிட ஆற்றலுக்கு எளிய கணக்குத் தரும் மதிப்பு, வானியல் காட்டும் மதிப்பைவிட 1க்குப் பின் ஏறத்தாழ 120 சுழிகள் இட்ட மடங்கு பெரிது. இத்தோல்வியை ஒளிக்காமல் பாடநூலிலேயே அச்சிடுகின்றனர். தோல்வியைத் தோல்வியென்று காட்ட அங்கே ஓர் எண் இருக்கிறது. எண்ணே சொல்லாதவர் தோற்பது எங்ஙனம்?

இது வீண் வம்பன்று. 2019 சனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், ஆழியாற்று அமைப்பைச் சேர்ந்தவர் எனச் செய்தித்தாள்கள் குறித்த ஒருவர், நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தவறினர் என்றார். ஈர்ப்பு அலைகள் பிரதமரின் பெயரால் நரேந்திர மோடி அலைகள் எனப்படும் என்றார்! அறிவியலாளர் கண்டித்தனர். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகன் கடமையென 1976இலேயே அரசியலமைப்பில் எழுதிய நாட்டில், அறிவியலின் பெயரால் கூடிய அவையில் இந்தக் கூத்து!

செலியமேட்டில் பாடஞ்சொல்லும் எனக்கு இதில் என்ன வழக்கு? நான் கலை பயின்றவன். எனினும் என் முன் அமர்பவர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். பாகூர் ஏரி நிறைந்ததென மனத்தால் உணர்ந்தேன் என்று ஒருவர் உரைத்தால், அவர்தம் தந்தையர் நாற்று விடுவரோ? கரையேறி நீரைப் பார்த்த பின்னன்றோ ஏரைத் தொடுவர்! தந்தை வயலில் கொண்ட அந்த அறிவை, மகன் வகுப்பறையில் இழக்க வேண்டுமா? ஏட்டறிவை முதன்முதலாகத் தொடும் குடிக்கு, போலியைப் பிரித்தறியும் ஆற்றலே முதற்செல்வம். அதைப் பறிப்பது ஏழையின் கைவிளக்கை ஊதி அணைப்பதாகும்.

சுத்தவெளிக் கொள்கையர் ஓர் எண்ணைச் சொல்லட்டும். அது அளவையில் வெல்லட்டும். முதல் மாலை நமதே! அதுவரை அதை அறிவியல் என்று பள்ளி வாயிலுக்குள் விடோம். அளந்து காட்டு என்று கேட்கும் பிள்ளையை அடக்காதீர். அவனே நாளைய அறிவியல்.