டமேஜ் மீற்றர் யாருடைய கையில் இருக்கு?



டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கட பெடியள், பெட்டையள் கனபேர் குளிர்கால இரவுகளை பேஸ்மென்றில் ஹெட்செற்றோடதான் கழிக்கினம். அதால இந்த முறை ஒரு கேம் விசயம்: டமேஜ் மீற்றரால் விளையாடுபவருக்கு நன்மையா? கருவியில் பிழை இல்லை, அதைக் காட்டி ஆளை மிரட்டும்போதுதான் பிழை வருகிறது என்பது என் கருத்து.

தெரியாதவர்களுக்காக: வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் ஒவ்வொரு அடியும் லொக்கில் பதிவாகும். ரீகவுன்ற், டீற்றெயில்ஸ் போன்ற அடோன்கள் முன்பு அதைக் கூட்டி, நொடிக்கு எவ்வளவு டமேஜ் என்று கணக்கிட்டு, ஆட்களை வரிசைப்படுத்திக் காட்டின. மிட்நைட் விரிவாக்கத்தோடு பிளிசார்ட் நிறுவனமே விளையாட்டுக்குள் ஒரு மீற்றரை வைத்துவிட்டது.

நன்மை உண்டு, மறைக்கத் தேவையில்லை. எந்தத் தாக்குதலைத் தவறவிட்டேன், எங்கே சும்மா நின்றேன் என்பதை நானே பார்த்துத் திருத்தலாம். புதிதாக வந்த பிள்ளையை "நீதான் காரணம்" என்று ஒருவர் மைக்கில் கத்தினால், அது பொய் என்று காட்ட எண் இருக்கு.

ஆனால் மீற்றர் எல்லா உழைப்பையும் எண்ணாது. 2023 ஜூலையில் ஓக்மென்ரேஷன் இவோக்கர் வந்தது. அதன் வேலை மற்றவர்களின் பலத்தைக் கூட்டுவது. அப்படிக் கூடிய டமேஜ் முதலில் மற்றவர்களின் பெயரிலேயே ஏறியது. இவோக்கர் பட்டியலின் அடியில் கிடந்தார். லொக்கில் புதிய தரவு சேர்த்த பிறகுதான் அது ஓரளவு சரியானது. வீட்டில் அம்மா செய்யும் வேலை யாருடைய சம்பளத்தில் ஏறுகிறது என்று யோசித்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

எண்ணை வைத்து ஆளை அளக்கும் பழக்கமும் எங்களுக்குப் புதிதில்லை. மலையகத்தில் கொழுந்து அன்றைய அளவுக்குக் குறைந்தால் "அரைப்பேர்", பாதி நாள் சம்பளம்தான். ஈரத்துக்கு, கூடைக்கு என்று கிலோக் கணக்கில் கழிப்பதும் உண்டு. தராசு தொழிலாளியின் கையில் இருக்கவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலைப் பாருங்கோ. அமேசன் களஞ்சியங்களில் ஸ்கானர் வேகத்தையும் கணக்கெடுக்கும், கை ஓய்ந்திருந்த நேரத்தையும் கணக்கெடுக்கும். லவாலில் ஒரு களஞ்சியத் தொழிலாளர்கள் 2024 மே மாதம் சி.எஸ்.என். மூலம் யூனியன் ஆனார்கள். 2025 ஜனவரி 22 அன்று, கியூபெக்கில் உள்ள ஏழு இடங்களையும் மூடுவதாக அமேசன் அறிவித்தது. 1,700 பேருக்கு மேல் வேலை போனது. யூனியனுக்கும் மூடலுக்கும் சம்பந்தமில்லை என்றது நிறுவனம், சி.எஸ்.என். அதை ஏற்கவில்லை.

கேமில் கிக் வாங்கினால் வாடகை நிற்காது, தெரியும். ஆனாலும் பகல் முழுக்க ஸ்கானரிடம் பேச்சு வாங்கிவிட்டு வருபவரை, இரவில் நாங்களே சுப்பவைசர் மாதிரி "உன்ர நம்பர் காணாது" என்று கேட்கலாமா?

அப்ப தடை செய்யலாமே என்பீர்கள். ஃபைனல் ஃபான்ரசி 14 வெளிக் கருவிகளுக்கு அனுமதி தருவதில்லை. இருந்தும் ஆட்கள் ஒளித்துப் பாவிக்கினம். கருவி உள்ளவருக்கு மட்டும் எண் தெரியும், மற்றவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. அது இன்னும் மோசம்.

எங்கட கில்டுகளுக்கு என் யோசனை இதுதான். சண்டை நடக்கும்போது மீற்றரை சற்றில் ஒட்ட வேண்டாம். முடிந்த பிறகு, விரும்பினால், எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். ஹீலிங், எதிரியின் மந்திரத்தைத் தடுத்தது, சாகாமல் நின்றது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். எண்ணை மட்டும் வைத்து ஒருவரையும் கிக் பண்ணக்கூடாது. முதலில் அவர் பேசட்டும்.

வேலைத்தளத்தில் நாங்கள் கேட்பதும் இதுதானே: என்ன எண்ணப்படுகிறது என்று எங்களுக்கும் தெரிய வேண்டும், தண்டனைக்கு முன் எங்கட பக்கத்தையும் கேட்க வேண்டும். ஐந்து பேர் உள்ள பார்ட்டியில் அதைப் பழகாவிட்டால், ஐந்நூறு பேர் உள்ள களஞ்சியத்தில் எப்படிக் கேட்பது? உங்கட கில்டில் என்ன வழக்கம் என்று எழுதுங்கோ.