கழற்றத் தெரியாத கருவி நம்ம கருவி இல்லை



போன தை மாதம் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிட்டு, அதிலிருந்து பெரிய விஷயத்துக்கு வர்றேன்.

மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரத்துக்கு மேல நின்னது. பெரிய அறுவடை இயந்திரத்தை விட்டா நெல் கிடைக்கும், வைக்கோல் நசுங்கி வீணாப் போகும். மாடு இல்லாம நமக்கு ஜீவாமிர்தம் ஏது, பஞ்சகவ்யம் ஏது? அதனால ஐந்து பேர் கூட்டாகச் சேர்ந்து, பின்னாடியே நடந்து ஓட்டுகிற சின்ன அறுப்பு இயந்திரம் ஒன்றை இரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கியிருந்தோம். அடியோடு அறுத்து ஓரமாச் சாய்ச்சுப் போடும். வைக்கோல் முழுசாக் கிடைக்கும்.

இரண்டாம் நாள் காலையில், வரப்போரம் யாரோ மாடு கட்ட அடிச்சு வச்ச இரும்பு முளையில் மோதிவிட்டது. கத்திப் பட்டையில் வரிசையாக இருக்கும் முக்கோணப் பற்களில் இரண்டு உடைந்தன. அவ்வளவுதான் சேதம். வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். “பல்லு மட்டும் தனியா வராது சார், ரிவெட் அடிச்சது. கத்தியையே செட்டா மாத்தணும். மூவாயிரத்துச் சொச்சம் ஆகும். ஸ்டாக் வர நாலு நாள் ஆகும்” என்றார்கள். வானம் மூட்டமாக இருக்கிறது, கதிர் முத்திக் காய்ந்து நிற்கிறது. நாலு நாள்!

எங்க பக்கத்து ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. எழுபது வயது தாண்டியவர். கத்தியைக் கழற்றி பைக்கில் கட்டி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“என்ன தம்பி, முழுசா மாத்தச் சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்கய்யா. ரிவெட் அடிச்சதைக் கழட்ட முடியாதாம்.”

“அடிச்சவனும் மனுசந்தானே? அடிச்சதை எடுக்க முடியாதுன்னு எவன் சொன்னான்?” என்று சிரித்தார்.

பட்டையை வைஸில் நிறுத்தி இறுக்கினார். உடைந்த பல்லின் முதுகுப் பக்கத்தில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி, இன்னொரு அடி. பல்லைப் பிடித்திருந்த இரண்டு ரிவெட்டும் கத்தரித்த மாதிரி அறுந்தன. ஓட்டையில் தங்கிய துண்டைப் பஞ்ச் வைத்துத் தட்டி வெளியே தள்ளினார். அவரிடமே பழைய கத்தியிலிருந்து எடுத்த பற்கள் இருந்தன. அளவு பார்த்துப் பொருத்தி, புது ரிவெட் போட்டு, பட்டடையில் வைத்து அடித்துக் கொடுத்தார். முக்கால் மணி நேரம். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி இயந்திரம் வயலில் ஓடியது. அறுவடை முடிந்த மறுநாள் இரவு மழை பெய்தது.

இதை நான் கடைக்காரர் மேல் குறை சொல்ல எழுதவில்லை. அவருக்கும் கம்பெனி சொன்னதுதான் தெரியும். என் குறை என் மேலேயே. பதினைந்து வருடமாக இயற்கை வேளாண்மை செய்கிறேன். விதைக்குக் கையேந்த மாட்டேன், உரத்துக்குக் கையேந்த மாட்டேன் என்று மேடை போட்டுப் பேசியிருக்கிறேன். ஆனால் சுண்டு விரல் தண்டிகூட இல்லாத இரும்புத் துண்டு ஒன்று என்னை நாலு நாள் நிறுத்திவைக்கப் பார்த்ததே! தற்சார்பு என்று நாம் சொல்வது விதையோடும் எருவோடும் நின்றுவிடுகிறது. கருவிக்கு அது வரவே இல்லை.

ரிவெட் என்பது என்ன? ஒரு பக்கம் தலை உள்ள சின்ன ஆணி. இரண்டு தகட்டின் ஓட்டையிலும் நுழைத்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை அடித்து அடித்து இன்னொரு தலையாக விரித்துவிடுவது. “ஆணி தறையறது” என்று நம் பழைய ஆட்கள் சொல்வார்கள். மரை இல்லை, நட்டு இல்லை. அதனால் அதிர்ச்சியில் தளர்ந்து கழன்று விழாது. 1943-ல் போக்குவரத்துக்குத் திறந்த கல்கத்தா ஹௌரா பாலம் ரிவெட்டால் கட்டியதுதான். பெரிய ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி அடிப்பார்கள். அது ஆறும்போது சுருங்கி, தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நம்ம கருவிகளுக்கு வரும் சின்ன ரிவெட்டைக் காய்ச்ச வேண்டியதில்லை, பச்சையாகவே அடிக்கலாம்.

எங்க தாத்தா காலத்து மண்வெட்டியைப் பாருங்கள். காம்பு நுழையும் கண் தனி, வெட்டுகிற தகடு தனி. இரண்டையும் ரிவெட் அடித்துச் சேர்த்திருப்பார்கள். தகடு தேய்ந்தால் தகட்டை மட்டும் மாற்றுவார்கள். கண் அப்பாவுக்கும் வரும், பிள்ளைக்கும் வரும். அந்தக் காலத்தில் ரிவெட் என்றாலே எடுத்து மாற்றலாம் என்று அர்த்தம். இன்றைக்கு அதே ரிவெட்டைக் காட்டி “கழட்ட முடியாது, புதுசு வாங்கு” என்கிறார்கள். ரிவெட் மாறவில்லை, அதைக் கழற்றத் தெரிந்த கை குறைந்து போச்சு.

சரி, எப்படிக் கழற்றுவது, எப்படி அடிப்பது? பெரியவரிடம் கேட்டும், நானே நாலு தடவை கெடுத்தும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எடுக்கும்போது தலையை மட்டும்தான் அழிக்க வேண்டும், ஓட்டையைக் கெடுக்கக் கூடாது. தலையை அரத்தால் தட்டையாக்கி, நடுவில் பஞ்ச் வைத்துக் குறி போட்டு, ரிவெட் தண்டின் அளவுள்ள டிரில் பிட்டால் தலை ஆழத்துக்கு மட்டும் குடையுங்கள். பெரிய பிட் போட்டால் ஓட்டை பெருத்துவிடும், அடுத்த ரிவெட் ஆடும். தலை கழன்றதும், கீழே ஓட்டைக்குச் சுற்றிலும் முட்டுக் கொடுத்து, பஞ்ச் வைத்துத் தட்டினால் தண்டு விழுந்துவிடும். முட்டு இல்லாமல் அடித்தால் தகடு வளையும். டிரில் இல்லையென்றால் வெட்டிரும்பைச் சாய்த்து வைத்துத் தலையை வெட்டலாம். கேஸ் வைத்து உருக்கி எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், கத்தி சம்பந்தப்பட்ட எதையும் அவரிடம் கொடுக்காதீர்கள். சூட்டில் எஃகின் பதம் போய்விடும், பிறகு அது வெட்டாது.

அடிக்கும்போது, ரிவெட்டின் வால் எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. உருண்டைத் தலை வேண்டுமென்றால் தண்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு. 4 மி.மீ. ரிவெட் என்றால் 6 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். குறைந்தால் தலை பிடிக்காது. கூடினால் வளைந்து படுத்துக்கொள்ளும். தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்த பிறகே அடிக்கத் தொடங்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். தெறிக்கிற இரும்புச் சில்லு ஆள் பார்த்து வராது.

பாப் ரிவெட் என்று ஒன்று வந்திருக்கிறது. உள்ளே கம்பி உள்ள குழாய் ரிவெட். கைப்பிடி கருவியால் கம்பியை இழுத்தால் வால் உப்பிக்கொண்டு கம்பி அறுந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கை எட்டுகிற இடத்துக்கு நல்லது. தகரம், மூடி, தடுப்புத் தகடு போன்றவற்றுக்குப் போதும். இழுவை தாங்குகிற இடத்தில் இதை நம்பாதீர்கள்.

இன்னொன்று நம்ம ஆட்களுக்கென்றே சொல்ல வேண்டியது. கோமியம் பிடிக்கிற வாளியின் காது அடிக்கடி பிய்ந்து வருகிறதே, ஏன்? கோமியத்தில் உப்பு உண்டு. இரண்டு வேறு உலோகம் உப்பு நீரில் சேர்ந்து நனைந்தால் இளைத்த உலோகம் அரிக்கும். எவர்சில்வர் வாளியில் சாதா இரும்பு ரிவெட் அடித்தால் ரிவெட்தான் முதலில் போகும். எவர்சில்வருக்கு எவர்சில்வர் ரிவெட்டையே கேட்டு வாங்குங்கள். சில ரூபாய்தான் கூடும்.

“போல்ட் போட்டுட்டா போச்சு, எதுக்கு இந்தப் பாடு?” என்று கூட்டாளி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அடிக்கடி தேய்ந்து மாற்ற வேண்டிய பாகத்துக்கு, இடம் இருந்தால் போல்ட்தான் சரி. போல்ட் தலை தட்டுகிற இடத்திலும், ஓயாமல் அதிர்கிற இடத்திலும் ரிவெட் வேண்டும். எது எங்கே என்பதை உழவர் பக்கம் நின்று முடிவு செய்ய வேண்டும். இப்போது அது தயாரிப்பவர் வசதிக்கு முடிவாகிறது. தேயுற பாகத்தை ரிவெட் அடிக்கிறார்கள், சில கருவிகளில் வெல்டிங்கே வைத்துவிடுகிறார்கள். மாற்றுப் பல்லும் சில கடைகளில் தனியாகக் கிடைப்பதில்லை. மானியத்தில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறோம். மறு பாதியைப் பழுது நேரத்தில் வசூலித்துவிடுகிறார்கள்.

இது நம் ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை. 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அது கவனிக்க எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. அந்த டிசம்பரில் அதற்கான இணையதளமும் திறந்தார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டமே போட்டது. உதிரிபாகம், கருவி, கையேடு எல்லாவற்றையும் உழவருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜனவரி முதல் அங்கே கட்டாயம். நம் நாட்டிலும் சட்டம் வரட்டும், கேட்போம். ஆனால் சட்டம் வந்தாலும் அது பட்டறையில் வந்து சுத்தியல் பிடிக்காது.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா கிராமத் தொழிலும் உழவும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும் என்பதற்காக வாழ்நாளெல்லாம் உழைத்தார். நாம் அவர் படத்தை மாட்டி வைத்திருக்கிறோம். பக்கத்து ஊர்க் கொல்லரிடம் போய் எத்தனை வருடம் ஆச்சு என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் பெரியவர் என்னிடம் கேட்ட கூலி இருநூறு ரூபாய். கூச்சமாக இருந்தது. ஐநூறு கொடுத்தேன். “எதுக்கு தம்பி இவ்வளவு?” என்றார். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். உலை வாரத்துக்கு இரண்டு நாள்தான் எரிகிறது. அவர் கை ஓய்ந்தால், அடுத்த தையில் உடைகிற பல்லுக்கு நான் யாரிடம் போவேன்?

அதனால் நம் இயக்கக் குழுக்களுக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, கருவி வாங்கும் முன் கடையிலேயே கேளுங்கள். தேயுற பாகம் எது, அது தனியா கிடைக்குமா, அதை ஊரில் கழற்றி மாட்ட முடியுமா? பதில் இல்லையென்றால் மானியம் எவ்வளவு இருந்தாலும் யோசியுங்கள். மானியப் பட்டியலில் சேர்க்கும் கருவிக்கு உதிரிபாகம் தனியே விற்க வேண்டும் என்ற நிபந்தனையை வேளாண் பொறியியல் துறையிடம் மனுவாகக் கொடுப்போம்.

இரண்டு, ஊர்க் குழுவுக்கு ஒரு பொதுப் பெட்டி. வைஸ், உருண்டைத் தலை சுத்தியல், இரண்டு மூன்று பஞ்ச், வெட்டிரும்பு, அரம், டிரில்லிங் மெஷின், பாப் ரிவெட் கருவி, பல அளவில் ரிவெட், கண்ணாடி. பத்துப் பேர் பங்கு போட்டால் பெரிய காசில்லை. விதை வங்கி வைத்திருக்கிற நமக்கு இது முடியாதா?

மூன்று, மாதக் கூட்டத்தில் ஒரு அரை நாள் பட்டறை. அந்தந்த வட்டாரக் கொல்லரை அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து, கூலி கொடுத்துக் கற்றுக்கொள்வோம். பஞ்சகவ்யம் கற்றுக்கொடுக்க வருபவருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. இளைஞர்களும் பெண்களும் வரட்டும். களை எடுக்கிற கருவியைப் பெண்களும் ஓட்டுகிறார்கள். அதைக் கழற்றி மாட்ட அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்க குழுவில் சித்திரையில் தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். பெரியவரிடம் கேட்டேன். “வர்றேன் தம்பி. ஆனா நான் பேசமாட்டேன், அடிச்சுக் காட்டுவேன். ஆளுக்கொரு பழைய கத்தி எடுத்துட்டு வரச் சொல்லு” என்றார். உங்கள் ஊரில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.