எட்டு லட்டு, இரண்டு பிள்ளைகள்

இந்த வாரம் எனக்குக் கோபம். பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். சொன்னால் ஒரே ஒரு பள்ளியின் குற்றம் போல ஆகிவிடும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் மாசி பங்குனியில் எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் இதே காட்சிதான். யு.கே.ஜி. பிள்ளைகள் மேடைக்கு வந்தார்கள். பையன்களுக்குக் கறுப்புக் கண்ணாடி, மடித்துக் கட்டிய வேட்டி. பெண் பிள்ளைகளுக்கு உதட்டுச் சாயம், கன்னத்தில் ரோஸ் பவுடர். குடித்துவிட்டு ஒருவன், தன்னை விட்டுப் போன பெண்ணை ஏசுகிற பாட்டைப் போட்டார்கள். ஐந்து வயதுப் பையன் பாட்டிலைப் பிடித்திருப்பதுபோலக் கையைத் தூக்கித் தள்ளாடினான். எதிரே சிறுமிகள் இடுப்பை வெட்டி வெட்டி ஆடினார்கள். கீழே விசில். 'ஒன்ஸ் மோர்' என்று கத்தினார்கள், மறுபடியும் போட்டார்கள்.

பிள்ளைகளுக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியாது, விடுங்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எனக்கு வலித்ததே அதுதான். தனக்கு ஒரு வார்த்தையும் புரியாத பாட்டுக்கு ஒரு குழந்தை எதற்காக ஆட வேண்டும்? புரிந்துகொண்டு விசிலடித்தவர்கள் பெரியவர்கள். அப்படியானால் அந்தப் பாட்டு யாருக்காகப் போட்டது?

இது எப்படி நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் டவுனிலிருந்து டான்ஸ் மாஸ்டர் வருவார். அந்த வருஷம் ஓடிய படங்களின் பாட்டுக்கு ஸ்டெப் தயாராக வைத்திருப்பார். டிரெஸ்ஸும் அவரே வாடகைக்குக் கொண்டுவந்துவிடுவார். "எம் புள்ளைக்கு நல்ல ஹிட்டுப் பாட்டா குடுங்க மிஸ்" என்று பெற்றோர் வந்து நிற்பார்கள். மிஸ்ஸுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, சம்பளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. மாஸ்டரையும் பெற்றோரையும் நிர்வாகத்தையும் எதிர்த்துப் பேச அந்தப் பெண்ணால் எப்படி முடியும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. ரியாலிட்டி ஷோக்களில் சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்களின் சினிமா ஆட்டம் ஆடவிடுவது அவர்கள் வயதுக்குத் தகாதது, அது அவர்களைப் பாதிக்கும் என்பது அதன் சாரம். தொலைக்காட்சிக்குச் சொன்னது பள்ளி மேடைக்குப் பொருந்தாதா? பள்ளி மேடைக்கு அமைச்சகம் கடிதம் எழுத வேண்டியதில்லை. அங்கே நாமே உட்கார்ந்திருக்கிறோம்.

ஒலிபெருக்கியைப் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதி எழுதி ஓய்ந்துபோனது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இருந்தாலும் விடமாட்டேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில், பள்ளியைச் சுற்றி நூறு மீட்டரை அமைதி மண்டலமாக வைக்க வழி இருக்கிறது. அங்கே பகலில் அளவு 50 டெசிபல். அந்தப் பள்ளிக்கு உள்ளேயே, மேடையின் இரு பக்கமும் ஆள் உயரப் பாக்ஸ் ஸ்பீக்கர்களை அடுக்கி, அவற்றுக்கு முன்னால் ஐந்து வயதுப் பிள்ளைகளை நிறுத்துகிறோம். பேஸ் அடிக்கும்போது ஒரு சிறுமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "கையை எடு, ஆடு" என்று மாஸ்டர் பக்கவாட்டிலிருந்து சைகை காட்டினார். அவள் கையை எடுத்துவிட்டு ஆடினாள்.

விழா முடிந்ததும் தலைமையாசிரியை என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார். "சார், குறை சொல்லிட்டுப் போயிடாதீங்க. அடுத்த வருஷம் எந்தப் பாட்டு போடலாம்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். நியாயமான கேள்வி. கோபத்துக்குப் பதிலாக இந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன்.

சினிமாப் பாட்டே கூடாது என்கிற கட்சி இல்லை நான். குழந்தைகளுக்காகச் சினிமா கொடுத்த நல்ல பாட்டுகளை எம்.எஸ். ராஜேஸ்வரி என்ற ஒரே பெயரிலிருந்து தொடங்கலாம். 1960இல் வந்த 'களத்தூர் கண்ணம்மா'வில் சிறுவன் கமல்ஹாசனுக்குக் குரல் கொடுத்தவர். 1965இல் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினிக்குப் பாடினார். 1990இல் 'துர்கா' படத்தில் பேபி ஷாமிலிக்கும் அவர்தான் பாடினார். முப்பது வருஷம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் குரலாக இருந்தவர், 2018 ஏப்ரலில் மறைந்தார். வளர்ந்த ஒரு பெண் குழந்தைபோலக் கொஞ்சிப் பேசினால் கேட்கச் சகிக்காது. ராஜேஸ்வரி கொஞ்சவில்லை. குழந்தை எதை எவ்வளவு தீவிரமாக நினைக்குமோ, அதே தீவிரத்தோடு பாடினார். 'குழந்தையும் தெய்வமும்' படத்தின் கோழிப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா ஒரு வீட்டில், அப்பா ஒரு வீட்டில். அந்தப் பிரிவைக் குழந்தை கோழியும் சேவலும் குஞ்சுகளுமாகப் பாடுகிறது. கதை தெரியாத நாலு வயதுப் பிள்ளைக்கு அது கோழிக்குஞ்சுப் பாட்டு. கதை தெரிந்த பெரியவருக்குத் தொண்டை அடைக்கும். இரண்டு பேரையும் அந்தப் பாட்டு ஏமாற்றவில்லை.

ஆனால் ஒரு படமே குழந்தைகள் படம் என்பதால் அதன் எல்லாப் பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. 1990இல் வந்த 'அஞ்சலி'யில் இளையராஜா குழந்தைகளுக்கென்றே போட்ட துள்ளலான மெட்டுகள் இருக்கின்றன. அதிலேயே மொட்டை மாடிக் காதல் ஜோடியைப் பிள்ளைகள் கிண்டல் செய்கிற பாட்டும் உண்டு. மெட்டு அருமை, யு.கே.ஜி.க்கு வேண்டாம்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்கப்போகிறீர்கள். அவர் 1959இல் இருபத்தொன்பது வயதிலேயே போய்விட்டார். அவர் பாட்டு எழுதிய 'திருடாதே', 'அரசிளங்குமரி' இரண்டும் 1961இல்தான் திரைக்கு வந்தன. அந்தப் படங்களில் பிள்ளைகளைப் பார்த்து அவர் சொன்னவற்றை என் தலைமுறை மனப்பாடமாக வைத்திருக்கிறது. ஆனால் அவை பெரியவர் ஒருவர் பிள்ளையின் தோளில் கைபோட்டுச் சொல்கிற பாட்டுகள். எட்டு, பத்து வயதில் அந்தக் கையின் கனம் புரியும். நாலு வயதுப் பிள்ளைக்கு அறிவுரை வேண்டாம், லட்டு வேண்டும்.

லட்டு என்றதுமே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், 'மலரும் உள்ளம்' புத்தகத்தை நான் கையில் எடுத்துவிட்டேன் என்று. ஆமாம், எடுத்துவிட்டேன். அழ. வள்ளியப்பா புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்துக்காரர். பிறந்தது 1922. இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார். 1944இல் 23 பாட்டுகளோடு சின்னப் புத்தகமாக வந்தது 'மலரும் உள்ளம்'. பத்து வருஷம் கழித்து, 1954இல், 135 பாட்டுகளோடு பெரிய தொகுதியாக வந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியதிலும் முன்னின்றவர். பின்னாளில் 'கோகுலம்' இதழின் ஆசிரியர். 1989இல் மறையும்வரை அவர் குழந்தைகளை விட்டு வேறு பக்கம் திரும்பவே இல்லை.

அவருடைய லட்டுப் பாட்டு தெரியாத தமிழ்ப் பிள்ளை குறைவு. எழுதியவர் பெயர் தெரியாமலே பாடுகிறார்கள். அதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு வட்டத் தட்டு, அதில் எட்டு லட்டு. அண்ணன் கிட்டு பாதியை எடுத்துக்கொள்கிறான். மீதியைத் தங்கை பட்டு சாப்பிடுகிறாள். தட்டு காலி. அவ்வளவுதான் கதை. ஆனால் எட்டில் பாதி நான்கு என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. 'இதோ கணக்குச் சொல்லித் தருகிறேன்' என்ற தோரணை எங்குமே இல்லை. அண்ணனுக்கு எவ்வளவோ அவ்வளவே தங்கைக்கும். ஆண் பிள்ளைக்கு ஒரு கை கூடுதலாகப் போட்ட காலத்தில் எழுதிய பாட்டு அது. சமத்துவம் என்று ஒரு சொல்கூட அதில் கிடையாது, நாலும் நாலும் எட்டு என்பது மட்டும்தான் இருக்கிறது. அப்புறம் அந்த ஓசை. ஒவ்வொரு வரியும் 'ட்டு' என்று முடிகிறது. பிள்ளைகள் அந்த இடத்தில் தானாகவே கை தட்டுவார்கள், யாரும் சொல்லித்தர வேண்டாம். வரி சின்னது, மூச்சு முட்டாது. மெட்டுக்குச் சில சுரங்களே போதும், ஐந்து வயதுத் தொண்டை எட்டிப்பிடிக்கிற உயரம்தான். சினிமாப் பாட்டின் சரணம் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பிள்ளைகள் கத்துவார்கள், இல்லையென்றால் வாயை மட்டும் அசைப்பார்கள். வாயசைக்கப் பழகிய பிள்ளை பாடப் பழகுவதில்லை.

தலைமையாசிரியைக்கு நான் எழுதிக்கொடுக்க நினைத்ததும் இதுதான். கெட்ட வார்த்தை இல்லாத பாட்டு எது என்று தேடினால் சலிப்பூட்டுகிற பாட்டுகள் நிறையக் கிடைக்கும். அந்தப் பாட்டுக்குள் குழந்தை எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும். குடிகாரன் பாட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடமே இல்லை. அதனால்தான் அவனுக்கு ஒட்டுமீசை வைக்க வேண்டியிருக்கிறது. லட்டுப் பாட்டில் அவனே கிட்டு, அவளே பட்டு.

இதை எழுதும்போது அரியலூர்ப் பக்கம் பார்த்த ஓர் அங்கன்வாடி நினைவுக்கு வருகிறது. சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. அங்கே டீச்சரம்மா பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, சின்ன வெங்காயம் உரிக்கிற பாட்டு ஒன்றைத் தானே கட்டிப் பாடினார். தோல் உரிக்கிற இடத்தில் எல்லாக் கையும் உரிக்கும். கண் எரிகிற இடத்தில் எல்லோரும் கண்ணைக் கசக்குவார்கள். கடைசியில் குழம்பு கொதிக்கும், எல்லா வாயும் உறிஞ்சும். ஒலிபெருக்கி இல்லை, வாடகை டிரெஸ் இல்லை. அங்கே விசிலடிக்க யாரும் இல்லை, பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தவும் இல்லை. அவர்கள் வீட்டில் அம்மாக்கள் கூலிக்கு வெங்காயம் ஆய்கிறவர்கள். தன் வீட்டு வேலை ஒரு பாட்டாக வருவதைப் பார்த்த அந்தக் குழந்தைகளின் முகத்தை, அந்த மாஸ்டருக்கு ஒருமுறை காட்ட வேண்டும்.

நம் இரண்டு மாவட்டங்களில் பாட்டுக்கு விஷயமா இல்லை? கரைவெட்டி ஏரிக்கு மார்கழியில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. மக்காச்சோளக் காட்டில் கிளி விரட்டுகிறார்கள். ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர்தான் பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் நமக்குக் கொடுத்தார். குதிரை முட்டை வாங்கப்போகிற அந்தக் கதையைவிட யு.கே.ஜி. மேடைக்கு ஏற்ற ஆட்டம் வேறு ஏது? எல்லாவற்றுக்கும் மேலாகச் சாத்தனூர்க் கல்மரம் இருக்கிறது. இன்றைக்குப் பருத்தியும் சோளமும் விளைகிற இந்தக் கரிசல் பக்கம் ஒரு காலத்தில் கடல். ஏறத்தாழ 12 கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு மரம் அந்தக் கடலில் விழுந்து, மண் மூடி, மரச்சத்து போய்க் கற்சத்து ஏறிக் கல்லாகிவிட்டது. நீளம் 18 மீட்டர். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னார். ஒரு குழந்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த அரை மணி நேரம் கேள்வி ஓயாது. மரம் எப்படிக் கல்லாச்சு? கடல் எங்கே போச்சு? மீன் எல்லாம் என்னாச்சு? இந்தக் கேள்விகளே பாதிப் பாட்டு.

அதனால் தலைமையாசிரியைக்கு இரண்டு காகிதம் அனுப்பினேன். ஒன்றில் 'மலரும் உள்ளம்' தொகுதியிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவருகிற பாட்டுகளின் தலைப்புகள், அவற்றோடு ராஜேஸ்வரி பாடிய சில படங்களின் பெயர்கள். ஸ்பீக்கரைப் பிள்ளைகளுக்குப் பின்னால் தள்ளி வைக்கவும் என்று கீழே சேர்த்தேன். இன்னொன்றில் நானே கட்டிய இரண்டு வரி:

பார்த்தா மரம், தொட்டா கல்லு,
கடல் எங்கே போச்சு, சொல்லு!

அதற்கு மேல் எழுதவில்லை. மீதியைப் பிள்ளைகளை வைத்தே எழுதச் சொல்லியிருக்கிறேன். சாத்தனூர், குன்னம், செந்துறை, திருமானூர் என்று எந்த ஊர் டீச்சர் வேண்டுமானாலும் வகுப்பில் முயன்று பார்க்கலாம். பிள்ளைகள் சொன்ன வரிகளை, அவர்கள் சொன்னபடியே, திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள். வந்தவரை அடுத்தடுத்த வாரங்களில் இந்தப் பத்தியிலேயே வெளியிடுகிறேன்.