அருகிலிருக்கும் தோழரின் உரிமை

2015 டிசம்பர் மாதத்தின் முதல் வாரம். அடையாறு கரை புரண்டு, சென்னையின் பல பகுதிகள் வெள்ளத்தில் தவித்துக்கொண்டிருந்தன. அப்போது நான் பெரியமேட்டில் தோல் வணிகம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். முதலாளியையும் சேர்த்துப் பதினான்கு பேர். முஸ்லிம்கள், இந்துக்கள், கிறித்தவர்கள் என எல்லோரும் கலந்திருந்த அலுவலகம் அது. வெள்ளம் வந்த மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது, வணிகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நிவாரணப் பணியில் இறங்குவது என்று முடிவெடுத்தோம். ஆளுக்கு இயன்றதைத் தந்தோம். முதலாளி ஒரு பெருந்தொகை தந்தார். போர்வைகள், பாய்கள், ரொட்டி, பால் மாவு, மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கிப் பொதிகளாகக் கட்டி, ஒரு சரக்கு வண்டியில் ஏற்றி முடிச்சூர்ப் பகுதிக்கு அனுப்பினோம்.

பொதி கட்டும் வேலையை முன்நின்று செய்தவர், எங்கள் கிடங்கில் பல ஆண்டுகளாகச் சரக்குப் பெட்டிகளைக் கட்டி வந்த ஓர் அண்ணன். இரண்டு நாள்கள் இரவு எட்டு மணி வரை இருந்து, நூற்றைம்பது போர்வைகளையும் மடித்துக் கட்டினார். வண்டி புறப்பட்ட பிறகு என்னிடம் வந்து தயக்கத்துடன் கேட்டார்:

"பாய், இந்தக் காலி அட்டைப்பெட்டிங்க வேணாம்னா நான் எடுத்துக்கட்டுமா?"

எதற்கு என்றேன். வீட்டுத் தரை இன்னும் ஈரமாக இருக்கிறது, பிள்ளைகள் படுக்க விரிக்க வேண்டும் என்றார். அவருடைய வீடு ஜாபர்கான்பேட்டையில், ஆற்றை ஒட்டிய தெருவில் இருந்தது. இடுப்பளவு நீர் புகுந்து வடிந்திருந்தது. பாய், தலையணை, பிள்ளைகளின் புத்தகங்கள், அரிசி என்று எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு நாள்களாக அவர் கையால் கட்டி அனுப்பிய நூற்றைம்பது போர்வைகளில் ஒன்றைக்கூட அவர் தமக்கென்று கேட்கவில்லை. எங்களில் ஒருவரும் அவரைப் பார்த்து, "உங்கள் வீடு எப்படி இருக்கிறது?" என்று கேட்கவும் இல்லை.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் ஈகைக் குணம் இல்லாமல் இல்லை. பணமும் தந்தோம், உடலுழைப்பும் தந்தோம். ஆனால் எங்கள் கண் தொலைவையே பார்த்துக்கொண்டிருந்தது. அருகில் நின்றவர் எங்களுக்குக் கொடுப்பவராகத் தெரிந்தாரே தவிர, தேவையுடையவராகத் தெரியவில்லை.

திருக்குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம், நாம் நன்மை செய்ய வேண்டியவர்களை வரிசைப்படுத்துகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோருடன் நம் பக்கத்தில் இருக்கும் தோழரும் அவ்வரிசையில் இடம்பெறுகிறார். இத்தோழர் யார் என்பதற்கு விரிவுரையாளர்கள் பல பொருள் கூறியுள்ளனர். பயணத் துணைவர் என்றனர் சிலர். வாழ்க்கைத் துணை என்றனர் வேறு சிலர். கல்வியிலும் தொழிலிலும் உடனிருப்பவரும் இதில் அடங்குவர் என்று விரித்துரைத்தவர்களும் உண்டு. ஒரு நாளில் எட்டு அல்லது பத்து மணி நேரம் நாம் யாருடன் கழிக்கிறோமோ, அவரைவிடப் பக்கத்தில் இருக்கும் தோழர் வேறு யார்? அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி எத்தனையோ ஜும்ஆப் பேருரைகளைக் கேட்டிருக்கிறோம். அண்டை மேசைக்காரரின் உரிமையைப் பற்றி எத்தனை முறை சிந்தித்திருக்கிறோம்?

அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனம் இன்னொரு கூட்டத்தாரைச் சுட்டிக்காட்டுகிறது. அவர்கள் தன்மானத்தால் கையேந்தாதவர்கள். ஆகவே அறியாதவர்கள் அவர்களை வசதியுள்ளவர்கள் என்றே நினைத்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் இத்தகையவர்களைக் கண்டறிவது மிகக் கடினம். எல்லோரும் துவைத்த சட்டை அணிந்து வருகிறார்கள். எல்லோரும் ஒரே தேநீரைக் குடிக்கிறார்கள். ஆனால் ஒருவர் தண்டல்காரரிடம் பத்தாயிரம் என்று எழுதிக்கொடுத்து, அதில் முன்கூட்டியே பிடித்தம் போக மீதியை வாங்கி, நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள்கள் கட்டிக்கொண்டிருப்பார். மாலை ஆறு மணிக்கு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்பதும், அவர் மட்டும் பின்வழியாக வெளியேறுவதும் மற்றவர்களுக்கு ஒரு வேடிக்கையாகக்கூட இருந்திருக்கும்.

அறிந்தும் தவறிய இடம்

அறியாமல் செய்த பிழையைச் சொன்னேன். அறிந்த பின் செய்த பிழை அதைவிடப் பெரியது. அதையும் சொல்லியாக வேண்டும்.

வெள்ளத்துக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து, எங்கள் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு சகோதரியின் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய நிலை. முன்பு பெற்ற பாடத்தால் இம்முறை நாங்கள் விரைந்து செயல்பட்டோம். மிகவும் விரைந்து என்றே சொல்ல வேண்டும். ஒருவர் அவருடைய நிலையை விரிவாக எழுதி, கணவரின் படத்தையும் சேர்த்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினார். சில நாள்களில் 38,000 ரூபாய் சேர்ந்தது. அலுவலகத்தில் அனைவரும் கூடி நிற்க, முதலாளி உறையைக் கொடுக்க, படமும் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தில் அச்சகோதரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு அவர் வாழ்க்கை எங்கள் எல்லோருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. மகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கினார். "நாம் கொடுத்த பணத்திலா?" என்று தேநீர் வேளையில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி அவர் காதுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்று மாதங்களில் அவர் வேலையை விட்டு விலகிவிட்டார். சொல்லிக்காட்டுவதாலும் மனம் நோகச் செய்வதாலும் தருமம் பாழாகிவிடும் என்று அதே அல்பகரா அத்தியாயம் 264ஆம் வசனத்தில் எச்சரிக்கிறது. அதை ஓதாதவர்களா நாம்?

இதில் இன்னொன்றும் உண்டு. அச்சகோதரியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்பட்டு வந்தது. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களுக்கு உரிய காப்பீட்டுத் திட்டம் அது. 2017 ஜனவரியில் அதற்கான சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் ஊழியரின் பங்கு சம்பளத்தில் 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. காப்பீடு பெற்றவரின் குடும்பத்தாருக்கும் அதில் மருத்துவ உதவி உண்டு. மாநில அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸுக்கு இடமுண்டு. அந்த அட்டையை எங்கே காட்டுவது, எந்தப் படிவத்தை நிரப்புவது என்று யாரேனும் ஒருவர் அரைநாள் விடுப்பெடுத்து அவருடன் போயிருந்தால் போதும். படம் எடுக்க அங்கே எதுவும் இருந்திருக்காது. ஆனால் 38,000 ரூபாய் தீர்ந்த பிறகும் அந்த உதவி தொடர்ந்திருக்கும். அவருக்கு உரிமையாக இருந்ததைப் பெற்றுத்தர நாம் முயலவில்லை. நமக்குப் பெருமையானதைக் கொடுத்து முடித்துக்கொண்டோம்.

ஒரு சிறு நிதி

இவ்விரு பிழைகளுக்குப் பின் எங்களுள் மூத்தவர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். யாருக்கு என்ன தேவை என்று துருவித் துருவி அறிய வேண்டிய நிலையே இல்லாதபடி ஏதாவது செய்ய முடியாதா என்பதே அவர் கேள்வி. அப்படிப் பிறந்ததுதான் வட்டியில்லாக் கடன் நிதி. நம் ஊர்களில் ஜமாஅத்துகள் பைத்துல்மால் நடத்துவதைப் பார்த்துப் பழகியவர்கள்தாமே நாம்.

மாதம் ஆளுக்கு 300 ரூபாய். பன்னிருவர் சேர்ந்தோம். இருவர் சேரவில்லை, எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. மாதம் 3,600 ரூபாய், ஓராண்டில் 43,200 ரூபாய். முதலாளியும் அதே 300 ரூபாயைத்தான் போட்டார். கூடுதலாகத் தந்தால் நிதி அவருடையதாகிவிடும் என்று அவரே மறுத்துவிட்டார். காப்பாளர்கள் இருவர். ஒருவர் விற்பனைப் பிரிவில் இருந்த கிறித்தவச் சகோதரர். மற்றவர் பொதி கட்டும் அந்த அண்ணன். கடன் கேட்பவரிடம் காரணம் கேட்கக்கூடாது என்பது முதல் விதி. தொகை, தேதி, திருப்பித் தரும் தவணை மூன்றையும் நோட்டில் எழுதி இருவர் கையொப்பமிட வேண்டும் என்பது இரண்டாவது. அந்த நோட்டை வேறு எவரும் பார்க்கக்கூடாது என்பது மூன்றாவது. முதல் கடனை வாங்கியவர் யோசனை சொன்ன அந்த மூத்தவர்தான். அவருக்கு அப்போது பணத்தேவை எதுவும் இல்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். கடன் கேட்பது இழிவன்று என்பதை அனைவருக்கும் காட்டவே அவர் முதலில் கேட்டிருக்கிறார்.

அல்பகராவின் இறுதிப் பகுதியைப் பொருளுணர்ந்து ஓதுவோர் இதைக் கவனித்திருப்பார்கள். தருமத்தைப் பற்றிய வசனங்களும், வட்டிக்கான தடையும், சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் அளிக்கும் கட்டளையும், கடனை எழுதி வைக்கும் முறையும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. இரக்கமும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் நினைக்கிறோம். எழுதி வைப்பது நம்பிக்கையின்மை என்று கருதுகிறோம். ஆனால் எழுதப்பட்ட கடனில்தான் வாங்கியவரின் மானம் பாதுகாப்பாக இருக்கிறது. அவர் எவருக்கும் நன்றிக்கடன் பட்டவரல்லர். தவணை கட்டும் ஒரு பங்காளி.

எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. ஒருவர் 7,000 ரூபாய் பாக்கியுடன் வேலையை விட்டுப் போனார், தொலைபேசியையும் எடுக்கவில்லை. எங்களுக்குள் கோபம் எழுந்தது. அவர் வீட்டுக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும் என்றனர் சிலர். 280ஆம் வசனம் அப்போது எங்களைத் தடுத்தது. கடனாளி நெருக்கடியில் இருந்தால் அவகாசம் தரச் சொல்லும் அவ்வசனம், விட்டுக்கொடுப்பது மேலும் சிறந்தது என்கிறது. அவர் நெருக்கடியில்தான் இருந்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது. காரணம் கேட்பதில்லை என்று விதி வைத்தவர்கள் நாங்கள்தாமே! பாக்கியைத் தருமமாக எழுதிக்கொண்டோம். மனம் முழுமையாக ஒப்பியது என்று சொல்ல மாட்டேன்.

ஸகாத் பணத்தை இந்நிதியில் சேர்க்கலாமா என்ற கேள்வியும் வந்தது. வேண்டாம் என்று தீர்மானித்தோம். ஸகாத் உரியவருக்கு உடைமையாகவே கொடுக்கப்பட வேண்டியது. அதற்குரிய எட்டு வகையினர் அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் வரையறுக்கப்பட்டுள்ளனர். ஆனால் அந்த எட்டில் கடன்பட்டோரும் அடங்குவர் என்பதை மறந்துவிடக் கூடாது. தண்டலில் சிக்கிய சகோதரர் ஒருவர் நம் பக்கத்து மேசையிலேயே இருக்கும்போது, ஸகாத்துக்கு உரியவரைத் தேடி நாம் எங்கெங்கோ அலைகிறோம். மற்றச் சமயத்துத் தோழர்களுக்கு ஸதகாவின் கதவு என்றும் திறந்தே இருக்கிறது.

முதலாளிகளுக்கு ஒரு சொல்

சிறு நிறுவனம் நடத்தும் சகோதரர்கள் பலர் இதை வாசிக்கக்கூடும். உங்கள் கொடைத்தன்மையை நான் அறிவேன். ரமளானில் உங்கள் வாசலில் நிற்கும் வரிசையையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் ஊழியரின் முதல் உரிமை ஸதகா அன்று. குறித்த தேதியில் முழுச் சம்பளம். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியவர்களின் சமுதாயம் நாம். பெருநாளுக்கு இரண்டு நாள் முன் வர வேண்டிய சம்பளத்தைத் தாமதித்துவிட்டு, அதே ஊழியருக்கு ஓர் அரிசி மூட்டையை நன்கொடையாகக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? தர வேண்டிய போனஸை ஸகாத் கணக்கில் எழுதுவோரும் இருக்கிறார்கள். கடமையாகச் செலுத்த வேண்டிய கூலி ஒருபோதும் ஸகாத் ஆகாது. ஊழியரின் பிடித்தத்தைக் கழித்துவிட்டு இஎஸ்ஐ-க்குக் கட்டாமல் இருப்பது அமானிதத்தைக் கையாடுவதாகும்.

அலுவலகம் வேலை செய்யும் இடம், பிறர் சொந்த வாழ்வில் தலையிடுவது எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. துருவி அறிவது மார்க்கம் தடுத்த செயல். பேசிப் பரப்புவது புறம். ஆனால் துருவாமலேயே அறியக்கூடியவை நிறைய உண்டு. மதிய உணவு கொண்டு வராமல் "பசியில்லை" என்பவர், மருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பார்ப்பவர், பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் மட்டும் முன்பணம் கேட்பவர். இவர்களைக் காண்பதற்கு உளவு தேவையில்லை. தனியே அழைத்து ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர் சொல்ல விரும்பவில்லை என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். சொன்னால், அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

நான் அந்த நிறுவனத்தைவிட்டு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நிதி இன்னும் நடக்கிறது. மாதத் தொகை இப்போது 500 ரூபாய் என்று கேள்விப்பட்டேன். அந்த அண்ணன்தான் இன்றும் நோட்டை வைத்திருக்கிறார். அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்டாலும் அவர் சொல்ல மாட்டார்.

நாளைக் காலை வேலைக்குச் செல்லும்போது, நம் இடப்பக்கமும் வலப்பக்கமும் அமர்ந்திருப்பவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. அருகிலிருப்போரின் உரிமையை உணர்ந்து, அவர்தம் மானம் குலையாமல் நிறைவேற்றும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.